காணும் பொங்கலன்று நாங்கள் ஓடிய தொடரோட்டம்



துவரம் பருப்பு வரத்து, வத்தல் இருப்பு, தராசு முத்திரை, வரிக் கணக்கு என்று கடைக்குள் அடங்கிய விஷயங்களையே இதுவரை இந்தப் பக்கங்களில் எழுதி வந்திருக்கிறோம். இந்த முறை கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போன கதையை எழுதுகிறோம். 2025ஆம் ஆண்டு ஜனவரி 16, காணும் பொங்கலன்று காலை, விருதுநகரில் எங்கள் சங்கத்தார் நடத்திய தொடரோட்டத்தில் நாமும் ஓடினோம். நமக்கு வயது 64. ஓடிய தூரம் 100 மீட்டர். கிடைத்த பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். அதுவும் ஓடிய எல்லோருக்கும் கொடுத்ததுதான்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்த நிலவரத்தைச் சொல்லும் ஆட்கள் மூச்சு வாங்க ஓடினார்கள் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

யோசனை வந்த விதம்

எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், மறைந்த உறுப்பினர் யாரேனும் இருந்தால் முதலில் ஒரு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கம். 2024 ஐப்பசி மாதக் கூட்டத்தில் இருவருக்காக எழுந்து நின்றோம். இருவரும் மாரடைப்பில் போனவர்கள். ஒருவர் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். அவருக்கு 47 வயது. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பார். மதியச் சாப்பாடு தூக்குவாளியில் கடைக்கே வந்துவிடும். நம்மில் பலருடைய வாழ்க்கையும் அதுதானே!

அன்று ‘இதர விஷயங்கள்’ என்ற இடத்தில் ஓர் இளைஞர் எழுந்தார். அப்பாவின் எண்ணெய்க் கடையை இரண்டு வருடமாகக் கவனித்து வருபவர். “பொங்கலுக்கு வருஷா வருஷம் கோலப் போட்டி வைக்கிறோம், பானை உடைக்கிறோம், கயிறு இழுக்கிறோம். கயிறு இழுக்கிறதுலயும் லோடு தூக்குற அண்ணன்மாரத்தான் முன்னால நிறுத்துறோம். நாம எப்ப ஓடப் போறோம்?” என்று கேட்டார். அரை மணி நேரம் விவாதம் நடந்து, தொடரோட்டம் வைப்பது என்று முடிவாயிற்று.

விதிமுறைகளையும் அந்த இளைஞர்களே வகுத்தார்கள். அணிக்கு நான்கு பேர். ஒருவர் சுமைப்பணியாளர் அல்லது கடை ஊழியர். ஒருவர் பெண் உறுப்பினர் அல்லது உறுப்பினர் வீட்டுப் பெண்மணி. ஒருவர் சில்லறை வியாபாரி. ஒருவர் 55 வயதைத் தாண்டியவர். பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். முதல் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு முழுச் சுற்று. கடைசியில் ஓடும் பெரியவருக்கு மட்டும் அரைச் சுற்று. எல்லா அணியிலும் கடைசி ஆள் பெரியவர்தான் என்பதால் யாருக்கும் அநியாயம் இல்லை.

அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கி. ஒரே தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், கூட்டாளிகள் என்று சேர்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிஸ்கட் டின்னில் பெயரைப் போட்டுக் குலுக்கினார்கள். மொத்தம் ஒன்பது அணி. நம்முடைய அணியில் முதல் சீட்டு பஜாரில் மூட்டை தூக்கும் ஓர் இளைஞர். இரண்டாவது, வீட்டுக்காரர் இறந்த பிறகு பெட்டிக்கடையை மளிகைக் கடையாக வளர்த்த ஒரு தங்கச்சி. மூன்றாவது சீட்டைப் பிரித்துப் பெயரைப் படித்தபோது கூட்டத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

நாற்பதாயிரம் ரூபாய்

அந்தப் பெயருக்கு உரியவர் ஊர்க் கோடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். 52 வயது. இருபது வருடத்துக்கு மேல் நம்மிடம் சரக்கு எடுத்தவர். வாரம் தவறாமல் வரவு வைத்தவர். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது அவர் கணக்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பாக்கி இருந்தது. மளிகைக் கடைகளைக் குறிப்பிட்ட நேரம் திறக்க அனுமதி இருந்தாலும், அன்று யார் யாருக்குச் சரக்குப் போயிற்று, யார் யார் பணம் கொடுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, எட்ட நின்று, பையில் பணத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். ரசீது எழுதுவதற்கு யாருக்கும் கையும் ஓடவில்லை, மனமும் ஓடவில்லை.

ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது, “ஜூன் மாசம் ரெண்டு தடவையா நாப்பதாயிரம் உங்க வசூல் தம்பிகிட்ட குடுத்தேனே அண்ணாச்சி” என்றார். நமது பேரேட்டில் அப்படி வரவு இல்லை. வசூல் தம்பியோ வேலையை விட்டுத் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். “ரசீது இருக்கா?” என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவரிடம் அதற்கு முன் சொன்னதில்லை. அவர் எழுந்து போய்விட்டார். அந்த நாற்பதாயிரம் நீங்கலாக மீதியை மூன்று தவணையில் ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டு, மதுரையில் சரக்கு எடுக்க ஆரம்பித்தார். அதோடு பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒரு தடவை பரிமாறுகிறவர் அவரிடம் வாளியைக் கொடுத்து, “அண்ணாச்சிக்கு ரசம் விடுங்க” என்றார். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவர் மூன்றாவதாக ஓட வேண்டும், நாம் நான்காவது. அதாவது அவர் கையிலிருந்து நாம் வாங்க வேண்டும்.

சீட்டை மாற்றித் தரும்படி செயலாளரிடம் தனியாகக் கேட்டோம். அவரும் கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. செயலாளர் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “ஒருத்தருக்கு மாத்தினா ஒன்பது டீமையும் கலைக்கணும்.” அணியிலிருந்த தங்கச்சிதான் கடைசியில், “நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டாம் அண்ணாச்சி. ஓடினாப் போதும்” என்றார். அதை நம்பித்தான் ஒப்புக்கொண்டோம்.

மருத்துவர் சொன்னது

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஓடுவது என்று முடிவானதும் 45 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் மருத்துவரைப் பார்த்துச் சம்மதம் வாங்கி வர வேண்டும் என்று சங்கம் சொல்லிவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்ததில் இரண்டு பெரியவர்களை ஓடக் கூடாது என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். ஒருவர் அதற்குப் பிறகு மதுரைக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டார். பந்தயம் வைத்ததில் வேறு ஒரு பயனும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

நமக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். எடுத்த எடுப்பில் ஓடக் கூடாது. முதல் வாரம் வேகமாக நடை. அடுத்த வாரம் கொஞ்சம் நடை, கொஞ்சம் மெல்லோட்டம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ வலி, தலை சுற்றல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்படக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். ஆகவே கையில் இனிப்பு இருக்க வேண்டும். “கோவில்பட்டி கடலை மிட்டாய் வச்சுக்கிறேன் டாக்டர்” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “கடலையில கொழுப்பு இருக்கு அண்ணாச்சி, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். குளுக்கோஸ் இல்லைன்னா சீனி வச்சுக்கங்க” என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் கடலையும் சீனியும் விற்றவருக்கு அது புதுச் செய்தி!

மார்கழிக் காலைகள்

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மார்கழி ஏழாம் தேதி தொடங்கி தினமும் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார். பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரம் நமக்கு எப்படிப்பட்ட வாரம் என்று சொல்லத் தேவையில்லை. வெல்லமும் பச்சரிசியும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஆறரைக்கு மைதானத்திலிருந்து நேராகக் கடைக்குப் போய் லாரியைப் பார்ப்போம். கோயில்களில் ஒலிபெருக்கி பாட ஆரம்பிக்கும்போது நாங்கள் பனியில் குனிந்து கால் நரம்பை இழுத்துவிட்டுக்கொண்டிருப்போம். முதல் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனோம். ஆசிரியர் ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் பேரன் எடுத்துக் கொடுத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, தெருவில் யாரும் எழுந்திருப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தோம்.

தொடரோட்டம் என்றால் நாலு பேர் மாறி மாறி ஓடுவது, யார் கால் வேகமோ அவர் ஜெயிப்பார் என்றுதான் நினைத்திருந்தோம். அது தப்பு என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஜெயிப்பதும் தோற்பதும் கோல் கைமாறும் இடத்தில்தானாம். அதற்கு அவர் சொன்ன சாட்சிகள் பெரிது. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடரோட்டம் முதன்முதலில் வந்தது. அந்த முதல் இறுதிப் போட்டியிலேயே ஜெர்மனி அணி, கோலை மாற்றியதில் தவறு செய்தது என்று நீக்கப்பட்டது. 2008இல் பீஜிங்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில் கோலைத் தவறவிட்டு, இறுதிப் போட்டிக்கே போகாமல் திரும்பின. உலகத்திலேயே வேகமான கால்கள் அவர்களுக்கு இருந்தன.

கோல் என்பது ஒரு குழாய்தான். 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், 50 கிராமுக்குக் குறையாத எடை என்பது விதி. வயரிங் வேலைக்குப் போடும் பி.வி.சி. குழாயை அறுத்து நாங்களே செய்துகொண்டோம். கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: 62 கிராம். தரம் சரி.

அதைக் கைமாற்றுவதற்கு ஒரு எல்லை உண்டு. இப்போதைய விதிப்படி நூறு மீட்டர் தொடரோட்டத்தில் அது 30 மீட்டர், முன்பு 20. ஓடுகிறவரின் உடம்பு எல்லைக்குள் இருக்கிறதா என்பது கணக்கில்லை, கோல் எல்லைக்குள் இருக்க வேண்டும். கைமாறும்போது கோல் கீழே விழுந்தால் யார் எடுப்பது? வாங்குகிறவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேராதவரை, கொடுக்க வந்தவர்தான் எடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் அணியின் தங்கச்சி, “சரக்கு டெலிவரி ஆகுற வரைக்கும் ரிஸ்க் அனுப்புனவுகளுக்குத்தான்னு சொல்லுங்க” என்றார். ஆசிரியருக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எங்களுக்கு உடனே புரிந்தது.

இலங்கைத் தமிழர்கள் இந்த ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்று சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ரயில் வருவதற்கு முன் தபால் பையை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு, சலங்கை கட்டிய தடியோடு ஓடி, அடுத்த ஓட்டக்காரரிடம் மாற்றிக் கொடுப்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சலங்கைச் சத்தம் கேட்டதுமே அடுத்தவர் தயாராக நிற்பாராம். சத்தம் இல்லாமல் மாற்றுவது அன்றைக்கும் நடக்காது போலிருக்கிறது.

எங்களுக்கு வினை வந்ததும் அதில்தான். கோலை வாங்குகிறவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றால் வேகம் போய்விடும். அவர் முன்னால் பார்த்து ஓட ஆரம்பித்துவிட வேண்டும், பின்னால் வருகிறவர் எட்டும் தூரத்துக்கு வந்ததும் “கை!” என்று சத்தம் கொடுக்க வேண்டும், அப்போது இவர் கையைப் பின்னால் நீட்ட, அவர் உள்ளங்கையில் கோலை வைக்க வேண்டும். லோடு தூக்கும் தம்பியும் தங்கச்சியும் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். தங்கச்சியும் அவரும் நாலாம் நாள். அவரும் நாமும் மட்டும் பத்து நாளாகியும் தேறவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. சத்தம் வராததால் நாம் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். ஒரு நாள் கோல் கீழே விழுந்து உருண்டது. மறுநாள் அவர் கோலை நீட்டிய நேரத்தில் நாம் கையை மடக்கிவிட்டோம், முழங்கையில் அடி. அதற்கடுத்த நாள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறடி போய்த்தான் கைமாறியது.

பதினோராம் நாள் ஆசிரியர் விசிலைக் கீழே எறிந்தார். “ரெண்டு பேரும் எவ்வளவு பெரிய வியாபாரியா வேணா இருங்க. என் கிரவுண்டுல ஊமையா ஓடக் கூடாது. நீங்க சத்தம் குடுக்கலேன்னா அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க அவரை நம்பாம எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க?” என்று இரண்டு பேரையும் பேர் சொல்லித் திட்டினார். அறுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு வசவு வாங்குவது ஒரு அனுபவம்தான்.

அதன்பின் மறுபடி ஓடவிட்டார். திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எதிரில் இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு ஓடத் தொடங்கினோம். பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது. “கை!” என்றார். நான்கரை வருடத்துக்குப் பிறகு அவர் நம்மிடம் பேசிய முதல் வார்த்தை அது. கையை நீட்டினோம். கோல் வந்து உட்கார்ந்தது.

அன்று அதற்குமேல் வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் டீக்கடையில், “அண்ணாச்சி, வலது கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க, குனிஞ்சு வைக்க வேண்டியிருக்கு” என்றார். “நீங்க கொஞ்சம் முன்கூட்டியே சத்தம் குடுங்க தம்பி” என்றோம். பேச்சு அந்த அளவில் இருந்தது.

பயிற்சி முடிந்த ஒரு நாள் ஆசிரியர் இன்னொரு செய்தியும் சொன்னார். 2024 மே மாதம் பஹாமாஸில் உலகத் தொடரோட்டப் போட்டி. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் பிடிக்க நம் நாட்டு ஆண்கள் அணி ஆளுக்கு 400 மீட்டர் ஓடுகிற போட்டியில் இறங்கியது. முதல் நாள் இரண்டாவதாக ஓடிய ராஜேஷ் ரமேஷுக்கு ஓடும்போதே தசைப்பிடிப்பு. பாதியில் நின்றுவிட்டார். அணி முடிக்கவே இல்லை. இந்த ராஜேஷ் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இந்திய அணி 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி ஆசியச் சாதனை செய்தபோது கடைசிச் சுற்று ஓடியவரும் இவர்தான். அப்படிப்பட்டவருக்கே பாதியில் கால் பிடித்துக்கொண்டது. மறுநாள் அவருக்குப் பதிலாக ஆரோக்கிய ராஜீவ் இறங்கினார். இவரும் நம் திருச்சிப் பக்கத்துக்காரர். அணி பாரிஸுக்கு இடம் பிடித்தது. இதைக் கேட்டதும் லோடு தூக்கும் தம்பி, “அந்த அண்ணனைத் திட்டிருப்பாகளா சார்?” என்று கேட்டார். ஆசிரியர் பதில் சொல்லவில்லை.

பந்தய நாள்

காணும் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு மைதானத்தைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. ஒரு ஓரத்தில் மருத்துவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு ஓரத்தில் சர்க்கரைப் பொங்கல் அண்டா. பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறதா என்று நாம் மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

ஒன்பது அணியும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. எங்கள் தம்பி தினமும் ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். 62 கிராம் குழாய் அவருக்கு ஒரு பொருட்டா? பதினைந்து மீட்டர் முந்திக்கொண்டு வந்தார். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் ஓடியவராம். அதுவரை எங்களிடம் சொல்லவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதலிடத்தை விடாமல் காப்பாற்றிக் கொடுத்தார். மூன்றாவது சுற்றில் இரண்டு அணி எங்களைத் தாண்டிவிட்டன. அவருக்கு மூச்சு இரைத்தது. பாதிச் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தோம். அதற்கு மேல் பார்க்கக் கூடாது என்று வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பக்கத்து அணியில் இரண்டு பெரிய வியாபாரிகள். “இந்தா பிடி, இந்தா பிடி” என்று ஒருவர் கத்த, “குடுங்கய்யா, குடுங்க” என்று மற்றவர் கத்த, கோல் நடுவில் விழுந்து உருண்டது. யார் எடுப்பது என்று அங்கேயே நின்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று நமக்குப் பயம்.

“கை!”

கேட்டது. கையை மேலே தூக்கி நீட்டினோம். சரியாக வந்து உட்கார்ந்தது. அதன்பின் நூறு மீட்டரும் நினைவில்லை. முன்னால் ஒரு வெல்ல மண்டி முதலாளியின் முதுகு, பக்கத்தில் யாரோ தாண்டிப் போகும் சத்தம், அவ்வளவுதான். முடித்தபோது நான்காம் இடம். ஒரு பெரியவர் அறுபது மீட்டரில் நின்று, மருத்துவர் சொன்னபடி வெட்கப்படாமல் நடந்தே வந்து கோட்டைத் தாண்டினார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கணக்கு

பொங்கலை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொன்னை காலியாகும்வரை பேசவில்லை. பிறகு, “அந்தக் கணக்கை இன்னொரு தடவை பாக்கலாமா அண்ணாச்சி?” என்றார்.

அன்று சாயங்காலமே பூட்டிய கடையைத் திறந்து, கணக்குப்பிள்ளையை வரவழைத்தோம். கம்ப்யூட்டர் கணக்கோடு, வசூல் பையில் வந்த துண்டுச் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்த அட்டைப் பெட்டியையும் எடுத்து வந்தோம். ஆகஸ்ட் 2020இல் இதைப் பார்க்காமலா இருந்தோம்? பார்த்தோம். ஆனால் அவர் பெயரில் மட்டும் தேடினோம். இந்தத் தடவை தேதியை வைத்துத் தேடினோம். ஜூன் 19ஆம் தேதி 25,000 ரூபாய் வரவு இருந்தது. அவர் கடையின் பெயரிலேயே சாத்தூர்ப் பக்கம் நமக்கு இன்னொரு வாடிக்கைக் கடை உண்டு. வரவு அந்தக் கணக்கில் ஏறியிருந்தது. நம் கடையில் நடந்த தப்பு. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சாத்தூர்க்காரர் தம் பாக்கியில் 25,000 குறைந்திருப்பதை நான்கரை வருடமாகப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார் என்பது வேறு விஷயம். அவரிடம் கேட்டோம். “பாத்துச் சொல்றேன்” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மீதி 15,000க்கு ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. பழைய வசூல் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தோம். அவருக்கு நினைவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றவும் இல்லை. நாள் ஒன்றுக்கு நாற்பது கடை ஏறி இறங்கிய பிள்ளை. “ஆளுக்குப் பாதியா வச்சுக்குவோம் தம்பி” என்றோம். அவர் ஒப்பவில்லை. “பாதின்னா நான் பாதி பொய் சொன்னதா ஆயிரும் அண்ணாச்சி. முழுசா எடுத்துவிடுங்க, இல்ல முழுசா எழுதி வையுங்க” என்றார். முழுசாகத் தள்ளிவிட்டால் நம் வசூல் பையன் எடுத்துக்கொண்டான் என்று நாம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கும் மனம் வரவில்லை. ஆகவே அந்த 15,000 இன்றுவரை அப்படியே நிற்கிறது. இருபத்தைந்தாயிரத்துக்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அதை அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகு நம் கடையில் வசூலுக்குப் போகிறவர் பணம் வாங்கிய இடத்திலேயே தொகையைச் செல்போனில் கடைக்காரருக்கும் நமக்கும் அனுப்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒரே பெயருள்ள கடைகளுக்குப் பெயரோடு ஊரையும் சேர்த்தே கணக்கு எழுதுகிறோம். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

மற்ற ஊர்ச் சங்கத்தார் இதுபோல் நடத்த விரும்பினால், செலவு பெரிதில்லை. பள்ளி மைதானத்துக்கு அனுமதி, சுண்ணாம்பு, ஒன்பது குழாய், டம்ளர், பொங்கல், மருத்துவருக்கு ஒரு பொன்னாடை. ஆனால் சீட்டுக் குலுக்கலை மட்டும் விட்டுவிட வேண்டாம். அவரவர் இஷ்டத்துக்கு அணி சேர விட்டால் அண்ணன் தம்பி, மாமன் மச்சானாகச் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் முழங்கால் வலி சரியாக ஒரு மாதம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அவர் பங்குனியில் இரண்டு மூட்டை உளுந்தும் ஐந்து டின் நல்லெண்ணெயும் எடுத்தார். ரொக்கத்துக்குத்தான். கடன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறார். மதுரைக் கடையையும் விடவில்லை. போன செவ்வாய்க்கிழமை நாம் குனிந்து பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு “கை!” என்றார். நிமிராமலே கையை நீட்டினோம். பணத்தை வைத்தார். எண்ணிப் பார்த்து, ரசீது போட்டுக் கொடுத்தோம்.